வளவுக்குள் கிடைத்த ‘திரீ நொட் திரீ’: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், வயலும் காடும் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு கிராமத்தில், ஒரு வீட்டு வளவில் புதைந்திருந்த பழைய ‘திரீ நொட் திரீ’ இராணுவத் துவக்கு கிடைத்தபோது நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்களையும், இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரி அறுபது வயது தாண்டிய அம்மா. கணவர் இல்லை. மகளும் மருமகனும் அதே வளவில் இருக்கிறார்கள். மருமகன் வெல்டிங் வேலை செய்பவர், முற்றத்துக் கொட்டிலில்தான் கடை. மூத்த மகன் தொண்ணூறுகளில் கனடா போனவர். ரொறன்ரோவில் முறையான உரிமத்தோடு பழைய இராணுவத் துவக்குகள் சேர்க்கிறார். இரண்டாம் உலகப் போரில் அந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே, லோங் பிராஞ்ச் என்ற இடத்துத் தொழிற்சாலையில் ஒன்பது இலட்சம் அளவில் என்ஃபீல்ட் துவக்குகள் செய்தார்கள். அவருடைய ஈடுபாடு அங்கேதான் தொடங்கியது.

குடும்பம் 2008 கடைசியில் இடம்பெயர்ந்தது. எல்லோரையும் போலக் கிழக்கே கிழக்கே போய், 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து, 2011இல் வளவுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த வளவில் யார் யார் தங்கினார்கள், யார் எதைப் புதைத்தார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த நிகழ்வை விளங்கிக்கொள்ள இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நான் வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவன். பழைய துவக்குகளின் குறிகளைப் படிப்பதில் எனக்கும் ஈடுபாடு உண்டு. துவக்கு ஒன்றும் என்னிடம் இல்லை, படங்களும் குறிப்புகளும்தான். கனடா மகனை அந்த வழியில்தான் தெரியும்.

கண்டெடுத்த நாள்

மாரி முடிந்து மண் இளகியிருந்த நேரம். பின்வளவில் பாலை மரத்துக்கு அருகே புதிய மலசலகூடத்துக்குக் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி தறப்பாளில் பட்டது. உள்ளே யூரியா பை, அதற்குள்ளே காய்ந்து கறுத்த கிறீஸ், அதற்குள்ளே நீண்ட ஒரு துவக்கு. பக்கத்தில் ஐந்து ரவைகள் கோத்த தகரப் பட்டி ஒன்று, பச்சைக் களிம்பு பிடித்து.

அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி எல்லோரும் விலகியிருக்க வேண்டும். வன்னியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது: தெரியாத பொருளைத் தொடாதே, நகர்த்தாதே, அறிவி. ஆனால் இது மிதிவெடி மாதிரி இல்லை, கட்டைப் பிடியோடு ஏதோ பழங்காலப் பொருளாகத் தெரிந்தது. பார்க்க வந்த அயல் வீட்டு முதியவர் ஒருவர் இரும்பில் ‘பீ.எஸ்.ஏ.’ என்ற எழுத்தைக் கண்டு, “இது மோட்டார் சைக்கிள் சாமானில செய்த நாட்டுத் துவக்கு தம்பி” என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் இடியன் துவக்கும் கண்டு வளர்ந்த தலைமுறை. பீ.எஸ்.ஏ. என்றால் அவர்களுக்கு மோட்டார் சைக்கிள்தான். பேர்மிங்ஹாமில் இருந்த அந்தக் கொம்பனி முதலில் துவக்குச் செய்யத்தான் தொடங்கியது. அதன் பெயரே பேர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள் என்பதன் சுருக்கம். மோட்டார் சைக்கிள் பிறகு வந்தது.

அம்மா வேறொன்று சொன்னார்: “அப்புவிட்ட ஒரு துவக்கு இருந்தது. உரிமப் புத்தகமும் இருக்கு. அதுதானோ தெரியாது.”

மருமகன் பொதியைக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார், இரண்டு படம் எடுத்து வட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. ஆர்வக்காரனின் பதில் அது: “மச்சான், அந்தக் கறளைக் கொஞ்சம் எடுத்துப்போட்டு வலப்பக்கத்து எழுத்தையும் நம்பரையும் கிட்டவா எடுத்து அனுப்புங்கோ.” மருமகனும் ஒரு குரல்பதிவு போட்டிருந்தார்: “இது அங்க என்ன விலை போகும் மச்சான்?”

வெல்டிங் கடையில் கறள் எடுக்க என்ன இருக்கும்? கிரைண்டரில் கம்பிச் சக்கரத்தைப் பூட்டி ஒரு பிடி பிடித்துவிட்டார். கம்பிச் சக்கரத்துக்கு மசியாத இடத்தில் அரைக்கும் கல்லையும் போட்டிருக்கிறார். குழலும் உடலும் சேரும் வளையத்தின் வலப்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. அங்கே இருந்த இலக்கம் போய்விட்டது.

போல்ட், அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி, கறளில் இறுகி மூடியபடியே இருந்தது. உள்ளே ரவை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. மூடிய போல்ட்டோடு இருக்கும் துவக்கில் தீப்பொறி பறக்கக் கிரைண்டர் பிடிப்பது என்ன விளையாட்டு என்று இதை வாசிப்பவர்களுக்குப் புரியும். கொட்டிலில் வாயு சிலிண்டர்களும் இருந்தன.

குறிகள் சொன்னவை

அன்று இரவே கனடா மகன் எல்லாப் படங்களையும் எனக்கு அனுப்பினார். நேரில் பார்க்கவில்லை, படத்தில் தெரிந்ததை வைத்துத்தான் படித்தேன்.

பிடங்கு (தோளில் வைக்கும் பின்கட்டை) இரும்போடு சேரும் வளையத்தின் வலப்பக்கத்தில், மேலிருந்து கீழாக: ஒரு முடி. அதன்கீழ் ஜீ.ஆர். அடுத்து பீ.எஸ்.ஏ. கோ. பிறகு 1917. அதன்கீழ் ‘குட்டை லீ-என்ஃபீல்ட்’ என்பதன் சுருக்க எழுத்துகள், ரோமன் எண் மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

ஜீ.ஆர். என்றால் ஜோர்ஜ் மன்னர். அது ஐந்தாம் ஜோர்ஜின் காலம். இந்தியாவின் இசாப்பூர் தொழிற்சாலையில் செய்திருந்தால் பேரரசர் என்பதைக் குறிக்கும் ஐ எழுத்தும் சேர்ந்து ஜீ.ஆர்.ஐ. என்று இருக்கும். கொம்பனிப் பெயரோடு இதுவும் சேர்ந்து, பிறந்த இடம் இங்கிலாந்து என்று உறுதியானது. நட்சத்திரம் போர்க்கால எளிமையைச் சொல்கிறது. மூன்றாம் வகை 1907இல் வந்தது. முதலாம் உலகப் போரின் அவசரத்தில், 1916 அளவில், நீண்ட தூரத்துக்குக் குறிபார்க்கும் சைட்டையும், ரவைகளை அடுக்கி வைக்கும் மகசீனை மூடி ஒவ்வொரு ரவையாகப் போடவைக்கும் தகட்டையும் விட்டுவிட்டுச் செய்யத் தொடங்கினார்கள். அப்படிச் செய்ததற்கே நட்சத்திரம் போட்டார்கள். 1926இல் பெயர் முறையை மாற்றியபோது இதற்கு ‘ரைபிள் இலக்கம் 1’ என்று பெயர். ரவை .303 அங்குலம். ஊரில் சொல்லும் ‘திரீ நொட் திரீ’ அதுதான்.

மரத்திலும் இரும்பிலும் பல இடங்களில் கோழிக்கால் போல மூன்று கோட்டு அம்புக்குறி. பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். சேவையிலிருந்து நீக்கி வெளியே விற்றால், முனையோடு முனை முட்டும்படி இன்னோர் அம்பையும் அடிப்பது வழக்கம். படங்களில் அந்த எதிர் அம்பை எங்கும் காணவில்லை. கறளுக்குள் இருந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. என்றாலும் கவனிக்கவேண்டிய குறை.

முன்கட்டையில், மகசீனுக்குச் சற்று முன்னால், குறுக்கே ஒரு திருகாணி. சேர்ப்பவர்கள் இதை இசாப்பூர் திருகாணி என்பார்கள். இந்தியாவில் திருத்திய துவக்குகளில் மரம் வெடிக்காமல் இருக்கப் போட்டது. ஆகவே பேர்மிங்ஹாமில் பிறந்து இந்தியப் பட்டறை ஒன்றைக் கடந்து வந்திருக்கிறது. இத்தனையும் குறிகள் சொல்லும். வன்னியில் அதை யார் தூக்கித் திரிந்தார் என்பதைச் சொல்ல எந்தக் குறியும் இல்லை. பொலிஸ், தொண்டர் படை, இயக்கம், வேட்டைக்காரர் என்று எந்தக் கையிலும் இருந்திருக்கலாம். அந்த இடத்தில் நான் ஊகம் சொல்ல மறுத்தேன். இப்போதும் மறுக்கிறேன்.

அடுத்தது உரிமப் புத்தகம். அம்மாவிடம் இருந்த அந்தப் பழுப்புப் புத்தகத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது ஒற்றைக் குழல், பன்னிரண்டு ‘போர்’ (குழல் துளையின் அளவைச் சொல்லும் ஆங்கிலச் சொல்). அதாவது பயிரைக் காக்கக் கமக்காரருக்குக் கொடுக்கும் சொட்கன். இந்தத் துவக்குக்கும் அந்தப் புத்தகத்துக்கும் எந்த ஒட்டும் இல்லை.

விலை பற்றிய பேச்சு

கனடாவில் இந்த வகைத் துவக்குக்குச் சந்தை இருப்பது உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிச்சமான இராணுவத் துவக்குகள் அங்கே மிக மலிவாக விற்றன. வாங்கியவர்கள் மான் வேட்டைக்காக முன்கட்டையை அறுத்து, பாரத்தைக் குறைத்துப் பாவித்தார்கள். அதனால்தான் இன்று அறுக்காத, முழு மரத்தோடு இருக்கும் ஒன்றுக்கு மதிப்பு. அறுத்தது ஒரு விலை, அறுக்காதது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதற்கு மேல் பார்ப்பது இலக்கங்கள். உடல், குழல், போல்ட், முன்மூக்குக் கவசம் (முன்நுனியை மூடும் இரும்பு), பின்சைட் தகடு எல்லாவற்றிலும் ஒரே இலக்கம் இருந்தால் அது பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். பிறகு குழலின் உட்புறம். கடைசியாக மேற்பூச்சு: பழைய நிறத்தைச் சுரண்டி மினுக்கியதைச் சேர்ப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். மினுக்கிய குறி பாதி செத்த குறி.

இந்தக் கணக்கு எதுவும் வன்னி வளவில் கிடைத்த துவக்குக்குச் செல்லாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், 1996 திருத்தத்தோடு தண்டனைகள் கடுமையாகின. பழைய சாமான்தானே என்று ஒரு கிழமை வைத்திருந்தாலும் அது வைத்திருந்ததுதான். கனடாவிலும் பழம்பொருள் என்ற சலுகை 1898க்கு முன் செய்தவற்றுக்கே. 1917 அதற்குள் வராது. ஏற்றுமதி, பார்சல், தெரிந்த ஆள் மூலம் என்ற பேச்செல்லாம் ஒரு குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பும் பேச்சு. மகனிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். அவருக்குத் தெரியாததல்ல. ஊர் வளவில் கிடைத்தது என்ற பாசத்தில் அன்று மறந்துபோனார், அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த நாள் விடியுமுன்னே தொலைபேசியில் மூன்று பக்கமும் பேசினோம். நான் முன்பு வேலை செய்த சட்டத்தரணியையும் சேர்த்துக்கொண்டேன்.

உடனே ஒப்படைப்பதா என்ற கேள்வியே எழக்கூடாது என்பதில் சட்டத்தரணி உறுதியாக நின்றார். ஆனால் மருமகனுக்குப் பயம். இலக்கத்தை அரைத்தாயிற்று, இனிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டுமென்றே அழித்ததாகத்தானே எடுப்பார்கள்? பேசாமல் திரும்பப் புதைத்துவிட்டால் என்ன? அல்லது குளத்தில்? அவர் கேட்டது அவ்வளவு நியாயமில்லாத கேள்வியும் அல்ல. ஆயுதத்தில் இலக்கம் அழிந்திருந்தால் எந்தப் புலனாய்வாளருக்கும் முதலில் வரும் சந்தேகம் அதுதான். அதிலும் வன்னியில், ஒரு வெல்டிங் கடையில்.

திரும்பப் புதைப்பதைச் சட்டத்தரணி ஒரே வார்த்தையில் நிறுத்தினார். அயல் வீட்டு முதியவர் பார்த்திருக்கிறார், கனடாவுக்குப் படம் போயிருக்கிறது. மறைத்தால் முதல்நாள் அறியாமை இரண்டாம்நாள் குற்றமாகும்.

இரண்டாவது பேச்சு, தொலைபேசியில் இருந்த படங்களும் விலை கேட்ட குரல்பதிவும். அழித்துவிடலாமா என்று மகள் கேட்டார். விலை கேட்டது விற்க முயன்றதாகத் தெரியும் என்ற பயம் அவருக்கு. இங்கேதான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். கிரைண்டர் போடுமுன் எடுத்த இரண்டு படங்கள் அதே உரையாடலில் இருந்தன. எழுத்தையும் நம்பரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்ன செய்தி அதன்கீழே. அரைத்தது இலக்கத்தை வாசிக்க, அழிக்க அல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பாதகமான குரல்பதிவை நீக்கினால் சாதகமான செய்தியையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே ஒன்றையும் நீக்காமல், முழு உரையாடலையும் அப்படியே கொடுப்பதென்று முடிவு.

மூன்றாவது, உரிமப் புத்தகம். அதைக் காட்டி ‘இது அப்புவின் துவக்கு’ என்று சொல்லிவிட ஓர் ஆசை வீட்டில் இருந்தது. அம்மா பொய் சொல்ல நினைக்கவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். குறிகளைப் படித்ததன் பெரிய பயன் இங்கேதான். பன்னிரண்டு போர் சொட்கனும் .303 ரைபிளும் வேறுவேறு என்று முதலே தெரிந்ததால், வாக்குமூலத்தில் அந்தத் தவறு ஏறவில்லை. ஏறியிருந்தால் அதைத் திருத்த எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று நீதிமன்ற வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான்காவது என்னுடைய பங்கு. அழிந்த இலக்கம் வேறு எங்கே இருக்கக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: போல்ட் கைப்பிடியின் பின்பக்கம், பின்சைட் தகட்டைத் தூக்கினால் அதன் அடி, முன்மூக்குக் கவசம், முன்கட்டையின் அடி. இனி யாரும் கை வைக்கவேண்டாம், பார்க்கவேண்டியவர்கள் பார்க்கட்டும் என்றும் எழுதினேன்.

அதன்பின்

காலையில் கிராம அலுவலரிடம் சொன்னார்கள். அவர் பொலிஸுக்கு அறிவித்தார். வந்தவர்கள் குழியைச் சுற்றித் தடை போட்டு, வெடிபொருள் அகற்றும் பிரிவினரை அழைத்து, ரவைப்பட்டியையும் துவக்கையும் அவர்கள் கையாலேயே எடுத்தார்கள். மகசீனுக்குள் இரண்டு ரவைகள் இருந்தன. குழலறை வெறுமை. அது நல்லூழ், வேறொன்றும் இல்லை.

மருமகனை நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். அன்று முழுக்க அங்கேயே இருந்தார். பிறகும் சில தடவை போய்வர வேண்டியிருந்தது, கடை பூட்டியே கிடந்தது. எதிர்பார்த்தபடியே முதல் கேள்வி அரைத்த இலக்கத்தைப் பற்றித்தான். தொலைபேசியைக் கொடுத்தார், படங்கள் எடுத்த நேரம் அதிலேயே இருந்தது. விலை கேட்ட குரல்பதிவைப் பற்றியும் கேட்டார்கள். கேட்டது உண்மை, விற்க யாரிடமும் போகவில்லை, மறுநாளே அறிவித்தோம் என்று சொன்னார். சட்டத்தரணி பக்கத்தில் இருந்தது பெரிய ஆறுதல்.

பீ அறிக்கையோடு, அதாவது பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் விசாரணை அறிக்கையோடு, நீதவானுக்கு விடயம் போனது. பின்வளவின் மீதியைத் தோண்டிப் பார்க்க நீதிமன்ற அனுமதி பெற்றார்கள், வேறு எதுவும் கிடைக்கவில்லை. துவக்கு சான்றுப்பொருளாக அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போனது. அறிக்கை வர மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்களில் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னார். கோயில் திருவிழாவுக்குக்கூட அந்த வீட்டார் போகவில்லை. ஊரில் கதை எப்படி வளரும் என்று சொல்லவேண்டியதில்லை.

அறிக்கையில், பின்சைட் தகட்டின் அடியிலும் போல்ட் கைப்பிடியிலும் ஒரே இலக்கம் வாசிக்கக் கிடைத்தது. கிரைண்டர் போடுமுன் எடுத்த படத்தில் மங்கலாகத் தெரிந்த கடைசி இரண்டு எண்களோடும் அது ஒத்தது. மூக்குக் கவசத்தில் வேறு இலக்கம், அதாவது எங்கோ ஒரு திருத்தலில் மாற்றிப் போட்டது. அந்த இலக்கத்துக்கு உரியவர் யாரும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த நிலையில் அது சுடக்கூடியதாகவும் இல்லை. குடும்பத்தின் மீது வழக்குத் தொடரப்படவில்லை. துவக்கை அரசுடைமையாக்க உத்தரவானது.

நீதிமன்றத்தில் அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்த அன்று மருமகன் கடையைத் திறந்தார். கனடா மகன் தான் அனுப்பிய அந்தச் செய்திக்காக மச்சானிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் துவக்குப் போன கவலை இல்லை. 1917இல் பேர்மிங்ஹாமில் அடித்த ஒரு குறி, இந்தியாவைக் கடந்து, பாலை மரத்தடியில் இத்தனை காலம் கிடந்து, தான் கேட்டதால் ஒரு நிமிடத்தில் கிரைண்டருக்கு அடியில் போனதே என்றுதான் வருந்தினார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அதைவிடப் பெரிய பயம், அந்தக் கொட்டிலில் நடந்திருக்கக்கூடியது.

இனி வேறாகச் செய்யவேண்டியவை

குழியில் தறப்பாள் தெரிந்த நொடியில் வேலை நிற்க வேண்டும். பொதியைப் பிரிக்காமல், ஆட்களை விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிஸ் அவசர இலக்கமான 119க்கோ சொல்லியிருந்தால் இந்தக் கதையில் முக்கால்வாசி நடந்திருக்காது. எடுத்து வைத்து, ஒரு நாள் பொறுத்து அறிவித்தபடியால்தான் அந்த ஒரு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் இருந்து படம் கேட்பவர்களுக்கு: கறளோடு இருக்கும் குறியைத்தான் வாசிக்கப் பழக வேண்டும். சரிவாக விழும் வெளிச்சத்தில், தூர நின்று எடுத்த ஒரு படம் போதும். துடை, சுரண்டு, போல்ட்டை இழுத்துப் பார் என்று எழுதவே கூடாது. ஊரில் இருப்பவர் உங்கள் பேச்சைத் தட்டமாட்டார், அவரிடம் இருக்கும் கருவி எதுவோ அதைத்தான் எடுப்பார். விலையைப் பற்றிய பேச்சையும் அந்த உரையாடலில் வைக்காதீர்கள். அங்கே இருக்கும் விலை இங்கே யாருக்கும் கிடைக்கப்போவதில்லை.

பழைய உரிமப் புத்தகங்கள் இருக்கும் வீடுகள் இன்னும் வன்னியில் இருக்கின்றன. அதில் எழுதியிருப்பது எந்த வகைத் துவக்கு, எத்தனை குழல், என்ன ‘போர்’, என்ன இலக்கம் என்று ஒருமுறை வாசித்து வைத்திருப்பது நல்லது. புத்தகம் இருக்கிறது என்பதற்காக மண்ணில் கிடைக்கும் எதுவும் அப்புவின் துவக்கு ஆகிவிடாது.

ஒப்படைக்கும் நேரத்தில் குறிகளைப் பதியும் வழக்கம் இங்கே வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் சொந்த ஆசை. எடுப்பவர்கள் நான்கு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, முடி, எழுத்து, ஆண்டு, அம்பு, இலக்கம் எல்லாம் எழுதி, அதன் பிரதி ஒன்றை நீதிமன்றக் கோவையில் சேர்க்கலாம். இரும்பை அரசு எடுத்துக்கொண்டாலும், எங்கே செய்தது எந்த வழியாக இந்த மண்ணுக்கு வந்தது என்ற விவரம் மாவட்டத்திலேயே இருக்கும். இந்த நிகழ்வில் நான் எழுதிக் கொடுத்த தாளைச் சட்டத்தரணி கோவையில் சேர்த்தார். அடுத்த தடவை அது பொலிஸாரின் சொந்தப் படிவமாகவே இருக்க வேண்டும் என்று மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்.